வாய் கீழாக மாட்டிய துப்பாக்கி

தாமூவுக்குக் கோபம் வந்தால் மொட்டை மாடிக்குப் போய் ஆட்டு ரோமத்தைக் கோலால் அடிப்பாள். அந்தச் சத்தம் தெரு முழுக்கக் கேட்கும். ரோமம் வாங்கி, கழுவி, அடித்து, சிக்கெடுத்து, நூற்று விற்பதுதான் அவள் பிழைப்பு. ஆகவே கோபமில்லாத நாளிலும் அடிப்பாள்தான். ஆனால் சுவருக்கு இந்தப் பக்கம் குடியிருக்கிற எனக்கு வித்தியாசம் தெரியும். பிழைப்புக்கு அடிக்கிற அடி வேறு, ஆளை நினைத்து அடிக்கிற அடி வேறு. அவள் புருஷன் மாத்தி இறந்து, கைம்பெண் துக்கம் காக்கிற இத்தா முடிந்து, அவள் வெள்ளை உடுப்பைக் களைந்த அந்த வசந்தத்தில், ஒரு நாள் விடிந்ததிலிருந்து அவள் அடித்த அடியைக் கேட்டு என் மனைவி ஹாதூம் ரொட்டி தட்டுவதை நிறுத்திவிட்டாள்.

"இன்னிக்கு யாரையோ தோலை உரிக்கிறா. உங்க ஆளுங்களைத்தான்னு நினைக்கிறேன்" என்றாள்.

எங்கள் ஆட்களைத்தான். என்னையும் சேர்த்து.

நான் கத்தூர். தாத்லா சமவெளியில் ஆற்றுக்கு இந்தப் பக்கம் உள்ள எங்கள் ஊரில் லாடம் அடிக்கிறவன். ஊரின் குதிரை வரிசையில் ஓடுகிறவன். கந்தூரித் திருவிழா நாட்களில் பதினைந்து குதிரைகள் தோளோடு தோள் உரசப் புறப்பட்டு, காற்றாகப் பறந்து, தர்காவுக்கு எதிரே போட்டிருக்கும் கூடாரங்களுக்கு முன்னால் வந்ததும், முகத்தம் என்று நாங்கள் அழைக்கிற தலைவர் ஒரு சத்தம் கொடுப்பார். அங்கவடியில் எழுந்து நின்று பதினைந்து பேரும் துப்பாக்கியை வானத்துக்குத் தூக்கிச் சுடுவோம். குண்டு கிடையாது, வெறும் மருந்துதான். குழல் வாய் வழியாக மருந்தைப் போட்டு, கோலால் கெட்டித்து, பின்னால் அடிபட்டால் பொறி விடுகிற கேப்பு வைத்து, சுத்தியை இழுத்து வைத்த துப்பாக்கிகள். வேகமெல்லாம் பெரிதில்லை. குதிரை யாருடையது ஓடாது? பதினைந்து வெடியும் ஒரே வெடியாகக் கேட்க வேண்டும், அதுதான் எல்லாம். கேட்டால் பெண்கள் குலவையிடுவார்கள். ஒரு துப்பாக்கி பிந்தினால் போச்சு. சின்னப் பிள்ளைகள்கூட வாயால் "டும்... டக்" என்று செய்து காட்டிக்கொண்டு அடுத்த வருஷம் வரை நம் பின்னால் வரும்.

பிந்தி வெடிப்பதற்கு எங்கள் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான் உண்டு. பிடித்திருப்பவன் பயந்தாங்கொள்ளி. கன்னத்துக்குப் பக்கத்தில் நெருப்பு சீறுவதைத் தாங்காமல், மற்றவர்கள் சுடட்டும் என்று விரலைப் பிடித்து வைத்துக்கொள்கிறான் என்று அர்த்தம்.

மாத்தியின் துப்பாக்கி பிந்தியது. அதுவும் நாளின் முதல் வெடியில் மட்டும். கலெக்டர், பெரிய மனிதர், பக்கத்து ஊர்க்காரன் எல்லாரும் கூடாரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் அந்த முதல் ஓட்டத்தில் மட்டும் பிந்தும். அடுத்தடுத்த ஓட்டத்தில் ஒழுங்காக வெடிக்கும். ஊருக்கு இது போதாதா? "முதல்ல பயம், அப்புறம் பழகிடும், புது மாப்பிள்ளை மாதிரி" என்று ஒருவன் சொன்னான். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. மாத்திக்குப் "புது மாப்பிள்ளை" என்றே பெயர் ஆகிவிட்டது. ஐம்பது வயது மனிதனுக்கு.

நான் வரிசையில் அவனுக்கு இடது பக்கம். அவன் துப்பாக்கி என் காதுக்கு ஒரு முழத் தூரத்தில். சுத்தி விழுகிற 'டிக்' சத்தம் எங்களோடுதான் விழும் என்று எனக்கு ஒரு சந்தேகம் எப்போதும் இருந்தது. ஆனால் பதினான்கு துப்பாக்கி வெடிக்கிற இடத்தில் ஒரு டிக்கைக் கேட்டேன் என்று சொன்னால் எவன் நம்புவான்?

கொடுமை என்னவென்றால், துப்பாக்கியை அவனைப்போல் பார்த்துக்கொண்டவன் இந்தச் சமவெளியிலேயே கிடையாது. நாங்கள் எல்லாம் கந்தூரி முடியும் வரை குழலுக்குள் ஒரு துணியை விட்டு ஓர் இழுப்பு இழுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிற ஜாதி. மருந்தின் கரி உள்ளே படிந்து, ஈரம் குடித்து, துரு ஏறினால் ஏறட்டும், ஊருக்குப் போய்க் கழுவிக்கொள்ளலாம். மாத்தி அப்படி இல்லை. ஒவ்வொரு நாளும் சுட்டு முடித்ததும், குதிரைக்குத் தண்ணீர் காட்டிய கையோடு, அடுப்பில் பெரிய கெட்டிலை ஏற்றிவிடுவான். தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். வெதுவெதுப்பு ஆகாது, கொதிக்கிற தண்ணீர் போனால்தான் குழல் சூடேறித் தானே உள்ளே காய்ந்துகொள்ளும். ஒரு பொட்டுக் கறுப்புச் சோப்பைக் கரைத்து வாயில் ஊற்றுவான். பின்னால் கேப்பு வைக்கிற சின்னத் துளை வழியாக மை மாதிரித் தண்ணீர் பீறிட்டு வரும், அழுகின முட்டை நாற்றத்தோடு. கூடாரத்தில் இருப்பவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு திட்டுவார்கள். அவன் காதில் வாங்க மாட்டான். மறுபடி ஊற்றுவான், மறுபடி. கடைசியில் வருகிற தண்ணீரைக் கிண்ணத்தில் பிடித்து, முகம் கழுவலாம் போல இருக்கிறதா என்று பார்ப்பான். கோலில் துணி சுற்றி வெள்ளைத் துணி வெள்ளையாகவே வெளியே வரும் வரை துடைப்பான். அதற்குப் பிறகு, துரு என்ற பேச்சே வரக்கூடாது என்று, தன் மரத்து ஒலிவ எண்ணெயைக் குழலுக்குள் ஊற்றுவான். துணியில் தொட்டுத் தடவுகிற கஞ்சத்தனம் கிடையாது, தாராளமாக ஊற்றுவான். வாய் மேலாக நிமிர்த்தி மாட்டிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவான்.

ஒவ்வொரு வருஷமும் பிந்திய பிறகு இன்னும் அதிகமாகக் கழுவினான். இன்னும் அதிகமாக எண்ணெய் ஊற்றினான். வேறென்ன செய்வான், பாவம்.

அவன் கடைசியாக ஓடிய கந்தூரியில் முதல் வெடி பிந்தியதும் முகத்தம் ஹம்மாதி அவனைத் தனியாக அழைத்துப் போனார். ஹம்மாதி கெட்டவர் அல்ல. வரிசையின் மானம் அவர் தலைப்பாகையில் இருக்கிறது, அவ்வளவுதான். அடுத்த நாள் மாத்தியின் இடத்தில் வேறொருவன் நின்றான். மாத்தி கூடாரத்தில் உட்கார்ந்து வந்தவர்களுக்குப் புதினா டீ ஊற்றினான். சாயங்காலம், சுடாத துப்பாக்கியைக் கொதிக்கிற தண்ணீர் வைத்துக் கழுவினான். இதைத் தாமூதான் எங்களுக்குச் சொன்னாள். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "சுடவே இல்லையே, எதுக்குக் கழுவுறீங்க?" என்று கேட்டிருக்கிறாள். அவன் கோலை நிறுத்தாமல், "நான் பயந்தவன் இல்ல, தாமூ. நீயாவது நம்பு" என்றானாம்.

அந்த வருஷ மழைக்காலத்தில் பீட்ரூட் வயலில் இருந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தவன்தான். மருத்துவமனை வண்டி வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டான். ஹம்மாதி குழியில் இறங்கி மையத்தை, அவன் உடலை, தன் கையால் வாங்கினார், அழுதார். அடக்கம் முடிந்து வந்ததும் மாத்தியின் துப்பாக்கியை ஆணியிலிருந்து எடுத்து, தலைகீழாக, வாய் தரையைப் பார்க்க மாட்டியதும் அவர்தான். எங்கள் ஊர் வழக்கம் அது. ஆண் போன வீட்டில் அவன் துப்பாக்கி வாய் கீழாகத் தொங்கும். இத்தா முடியும் வரை யாரும் தொடக்கூடாது. உயிரோடு இருக்கிறவன் வீட்டில் கைதவறிக்கூட யாரும் அப்படி வைக்கமாட்டார்கள். துக்கத்தை வீட்டுக்கு விருந்து கூப்பிடுகிற மாதிரி.

வழக்கத்துக்குத் தெரியாத ஒன்று அங்கே நடந்துகொண்டிருந்தது. துப்பாக்கிக்குக் கீழே தாமூ கழுவிய வெள்ளை ரோமத்தைக் குவித்து வைத்திருந்தாள். சில நாளில் அதில் மஞ்சளாக ஒரு வட்டம். எண்ணெய். ரோமத்தில் எண்ணெய் பட்டால் அவளுக்குப் பேய் பிடித்துவிடும். துக்கம் கேட்க வந்த பெண்களில் எவளோ கைகழுவாமல் தொட்டுவிட்டாள் என்று முணுமுணுத்துக்கொண்டே அந்தப் பகுதியைப் பிய்த்து எறிந்தாள். பத்து நாள் கழித்து அதே இடத்தில் மறுபடி ஒரு வட்டம். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். குழல் வாயில் ஒரு சொட்டு முற்றிக் காத்திருந்தது. சரி, எண்ணெய் ஊற்றின துப்பாக்கி, ஒழுகுகிறது, ரோமத்தை நகர்த்திவிட்டாள். துக்கத்தில் இருந்தவள், அதற்கு மேல் நினைக்கவில்லை.

இத்தா முடிந்த பிறகு வசந்தத்தில் பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்கு எங்கள் வரிசையைக் கூப்பிட்டார்கள். மாத்தியின் இடத்துக்கு அவன் தம்பி மகன் ஷர்க்கி வந்தான். கல்யாணமான ஆள், கெட்டிக்காரன், சோம்பேறி. தாமூவிடம் வந்து, "பெரியம்மா, பெரியப்பா துப்பாக்கியை நான் எடுத்துக்கிட்டுப் போறேன்" என்று கேட்டபோது அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவன் ஆணியிலிருந்து எடுத்தான், அப்படியே கொண்டுபோனான். முதல் ஓட்டம். பதினைந்து துப்பாக்கியும் ஒரே வாயாக வெடித்தன. இத்தனை வருஷத்தில் எங்கள் முதல் வெடி அப்படி விழுந்ததே இல்லை. நான்கூடக் கத்திவிட்டேன்.

டீ ஆறுவதற்குள் பேச்சு கிளம்பிவிட்டது. அதே துப்பாக்கி, அதே மருந்து, அதே கேப்பு. ஆள் மட்டும் வேறு. "பாத்தீங்களா, துப்பாக்கி நல்லாத்தான் இருந்திருக்கு" என்றார்கள். இதுவரை சந்தேகமாக இருந்தது இப்போது முத்திரை குத்தியாகிவிட்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? இரண்டு நாளில் அது தாமூவின் வீட்டு வாசல் வரை வந்தது. மூன்றாம் நாள் காலைதான் அந்த ரோம அடி.

மத்தியானம் அடி நின்றது. நின்றதும் எனக்குப் பயம் வந்தது. நினைத்தபடியே கதவைத் தட்டிக்கொண்டு வந்து நின்றாள். தலையெல்லாம் ரோமப் பஞ்சு.

"கத்தூர் அண்ணே, எனக்குக் கொஞ்சம் மருந்து வேணும். கேப்பும் வேணும்" என்றாள்.

எதற்கு என்று கேட்டேன். சுடுவதற்கு என்றாள். யாரை என்று கேட்டேன். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. எண்ணெய் வட்டத்தைச் சொன்னாள். அவர் வாய் மேலாக மாட்டுவார், எண்ணெய் எங்கே போகும்? கீழே போகும். கீழே என்றால் மருந்து போடுகிற அடிக்குழிக்கு, அந்தச் சின்னத் துளைக்கு. நனைந்த விறகு அடுப்பில் எரியுமா? எரியும், யோசித்து எரியும். முதல் வெடியில் எண்ணெய் எரிந்துபோனால் அடுத்தது ஒழுங்காக வெடிக்கும். சாவு வீட்டில் வாய் கீழாகத் தொங்கியதில் எல்லா எண்ணெயும் என் ரோமத்தில் வடிந்துவிட்டது. ஆகவே ஷர்க்கி சுட்டதும் வெடித்தது. இதையெல்லாம் மூச்சு விடாமல் சொல்லிவிட்டு, "சரியா, தப்பா? நான் பாத்தாகணும்" என்றாள்.

கேட்டதும் எனக்குள் அந்த 'டிக்' விழுந்தது. ஆனாலும் ஆம்பிளைப் புத்தி விடுமா? பொம்பளை துப்பாக்கியைத் தொடுவதாவது, ஊர் என்ன சொல்லும், ஹம்மாதிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று இழுத்தேன். பின்னாலிருந்து ஹாதூம் வந்தாள். மருந்து வைத்திருக்கிற தகரப் பெட்டியைத் தானே எடுத்துத் தாமூவின் கையில் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நாளைக்கு உங்களைப் பத்தி ஊர் இப்படிப் பேசினா நானும் சும்மா இருந்துடணுமா?" என்று மட்டும் கேட்டாள். நான் எழுந்து கேப்பை எடுத்து வந்தேன்.

தாமூ கெட்டில் ஏற்றினாள். மாத்தி செய்ததைப் பார்த்துப் பார்த்து அவள் கைக்கே பழகியிருந்தது. கொதிநீர், கறுப்புச் சோப்பு, துணி, கடைசியில் அதே மரத்து எண்ணெய், அதே அளவு. வாய் மேலாக மாட்டினாள். மறுநாள் ஒலிவத் தோப்பில் மூன்று பேரும் போனோம். நான்தான் கெட்டித்தேன், நான்தான் சுட்டேன். சுத்தி விழுந்தது. டிக். ஒன்றும் இல்லை. துப்பாக்கியை இறக்கலாமா என்று நினைக்கிற அளவுக்கு ஒரு இடைவெளி. அப்புறம்தான் தும்மியது. அச்சு அசல் மாத்தியின் வெடி. வருஷக்கணக்கில் என் வலது காதில் கேட்ட அதே சத்தம். தாமூ மரத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதாள். அவன் செத்த அன்றுகூட அப்படி அழவில்லை.

பிறகு வீட்டுக்கு வந்து மறுபடி கழுவி, மறுபடி எண்ணெய் ஊற்றி, இந்த முறை வாய் கீழாக மாட்டினாள். மறுநாள் சுட்டால் பட்டென்று வெடித்தது. அவள் விடவில்லை. மேலாக மாட்டி ஒரு முறை, கீழாக மாட்டி ஒரு முறை என்று என் மருந்துப் பெட்டி அடி தெரியும் வரை சுட வைத்தாள். ஒரு தடவைகூட மாறவில்லை. தோப்பில் எவனோ முயல் வேட்டை ஆடுகிறான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

நான் ஹம்மாதியிடம் போய்ச் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, "மாத்தி கையில பிந்துச்சு. ஷர்க்கி கையில பிந்தலை. எண்ணெய் எங்கிருந்து வந்துச்சு நடுவுல? போனவனை நிம்மதியாத் தூங்க விடு, கத்தூரு. அந்த அம்மாகிட்டயும் சொல்லு" என்றார். நீங்கள் ஒரு தடவை சுட்டுப் பாருங்கள் என்றேன். செத்தவன் துப்பாக்கியை வைத்துச் சோதனை நடத்துவது தன் தகுதிக்கு இல்லை என்றார். வந்து தாமூவிடம் சொன்னேன். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். மாடியைப் பார்த்துக்கூடப் போகவில்லை. கந்தூரிக்கு முந்தின வாரம் ஓடிப் பார்ப்பீர்களே, அது என்றைக்கு என்று மட்டும் கேட்டாள்.

அன்றைக்குக் காலையில் ஓட்டக் களத்தில் பாதி ஊர் நின்றது. பதினைந்து குதிரையும் ஒரு முனையில் வரிசை கட்டியாகிவிட்டது. ஹம்மாதி நடுவில். அப்போது களத்தின் மறுமுனையில், நாங்கள் சுடுகிற இடத்தில், ஒரு பெண் நடந்து வந்து நட்டநடுவில் நின்றாள். கையில் துப்பாக்கி. விளக்கு ஏந்தி வருகிற மாதிரி நேராக, வாய் வானத்தைப் பார்க்க, ஆடாமல் பிடித்திருந்தாள். வீட்டிலிருந்து அவ்வளவு தூரமும் அப்படியேதான் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள். வழியில் சிரித்தவர்களை அவள் திரும்பிப் பார்க்கவில்லையாம்.

ஆட்கள் கத்தினார்கள். போம்மா, குதிரை வருது, மிதிபட்டுச் சாகப்போறே என்றார்கள். ஷர்க்கி வெட்கத்தில் தலைப்பாகையை மூக்கு வரை இழுத்துக்கொண்டான். அவள் நகரவில்லை. குதிரைகள் குளம்பால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றன. கடைசியில் ஹம்மாதி தனியாகக் குதிரையை நடத்திக்கொண்டு போனார். நானும் பின்னால் போனேன்.

"என்னம்மா இது?" என்றார்.

"இந்தத் துப்பாக்கியை நீங்க பிடிங்க, முகத்தம். உங்க துப்பாக்கியை என்கிட்டக் குடுங்க. முதல் ஓட்டத்துல இதால சுடுங்க. உங்க கை பயப்படாதுன்னு ஊருக்கே தெரியும். ஒழுங்கா வெடிச்சா, என் புருஷன் பயந்தவன்தான்னு இங்கேயே நின்னு நானே சொல்லிட்டுப் போறேன்."

"வெடிக்கலைன்னா?"

"அப்ப நீங்க சொல்லணும். நீங்கதான் அவரை டீ ஊத்த வச்சீங்க."

ஹம்மாதி என்னைப் பார்த்தார். நான் குதிரையின் காதைப் பார்த்தேன். மறுத்துவிட்டுத் திரும்பியிருக்கலாம்; பாதி ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு பெண் நீட்டிய துப்பாக்கியை வாங்காமல் போனவர் என்ற பேர் அவருக்கு ஆகாது. கீழே குனிந்து வாங்கினார். மருந்து போட்டு, அவரே கெட்டித்தார். கேப்பும் தன் பையிலிருந்தே வைத்தார். அவள் ஓரமாக விலகி நின்றுகொண்டாள்.

புறப்பட்டோம். நடை, பெருநடை, அப்புறம் பாய்ச்சல். ஹம்மாதி சத்தம் கொடுத்தார். எழுந்தோம், தூக்கினோம், சுட்டோம். பதினான்கு துப்பாக்கி ஒரே வாயாக வெடித்தன. எனக்குத் தெரியும், ஆனாலும் காதைத் தீட்டினேன். ஒரு மூச்சு. குதிரைகள் சுடுகிற இடத்தைத் தாண்டவே ஆரம்பித்துவிட்டன. அப்புறம் நடுவிலிருந்து தனியாக ஒன்று. ஹம்மாதி துப்பாக்கியை இறக்கத் தொடங்கியிருந்தார் போல; நெருப்பு அவர் கன்னத்தை ஒட்டிச் சீறி, தாடி ஓரம் கருகி, குதிரை பின்னங்காலில் எழுந்து நின்றது. நல்ல குதிரைக்காரர், விழவில்லை.

களத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிற தைரியம் யாருக்கும் கிடையாது. எங்கோ ஒரு பிள்ளை "டும்... டக்" என்றது, அதன் அம்மா வாயைப் பொத்தினாள்.

ஹம்மாதி குதிரையை விட்டு இறங்கி, கடிவாளத்தை என் கையில் எறிந்துவிட்டு, துப்பாக்கியோடு அவளிடம் நடந்து போனார். அடிக்கப்போகிறாரோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். "இதுக்குள்ள என்ன போட்டே?" என்று கேட்டார்.

"அவர் ஊத்தின எண்ணெய்தான். அவர் ஊத்தின அளவுதான். அவர் மாட்டின மாதிரியே மாட்டினேன். சுத்தமா இருக்கணும், துருப்பிடிக்கக் கூடாதுன்னு அவர் பட்ட பாடு, முகத்தம். அதைத்தான் நீங்கள்லாம் பயம்னு சொன்னீங்க."

அவர் துளையில் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தார். கருகின எண்ணெய் விரலில் பிசுபிசுத்தது. மூக்கில் வைத்து முகர்ந்து பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, தர்காவுக்குக் கேட்கிற குரலில், "மாத்தி பயந்தவன் இல்ல. இத்தனை வருஷம் அவன் விரல் நம்மளோடதான் விழுந்திருக்கு. நான்தான் கேக்கலை" என்றார். தாமூ முகத்திரையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவர் கேட்டதுதான் முக்கியம். இனிமேல் எப்படி வைப்பது என்று கேட்டார். எண்ணெய் இல்லாவிட்டால் துரு. எண்ணெய் இருந்தால் பிந்தும். அவள் சொன்னாள், கழுவுங்கள், எண்ணெய் ஊற்றுங்கள், சாவு வீட்டில் மாட்டுகிற மாதிரி வாய் கீழாக மாட்டுங்கள், அவ்வளவுதான். வரிசையில் ஒரு முனகல் எழுந்தது. உயிரோடு இருக்கிற ஆம்பிளை வீட்டிலா? ஷர்க்கி அல்லாஹ்விடம் பாதுகாப்பு தேடினான். வேறு யார் செய்தாலும் தன் வீட்டில் நடக்காது என்று ஒரு கிழவன் சத்தமாகவே சொன்னான்.

அன்று சாயங்காலம் ஹம்மாதி வீட்டில் கெட்டில் கொதித்தது. அவர் தன் துப்பாக்கியைக் கழுவினார், மாத்தி கழுவினதைப் போல, கடைசித் தண்ணீரைக் கிண்ணத்தில் பிடித்துப் பார்த்து. எண்ணெய் ஊற்றினார். அவர் மனைவி அழுது கையைப் பிடிக்கப் பிடிக்க, வாய் கீழாக மாட்டினார். கந்தூரிக்கு முந்தின நாள் வரை ஊரே அவர் வீட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது, இன்றைக்குச் செத்தாரா, நாளைக்குச் சாவாரா என்று. மனிதர் கல்லுக்குண்டாக இருந்தார். கந்தூரி முதல் ஓட்டத்தில் அவர் துப்பாக்கி எங்களோடு ஒன்றாக வெடித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அடுத்தது நான் மாட்டினேன். ஹாதூம்தான் துப்பாக்கியைப் பிடித்துக் கொடுத்தாள். அப்புறம் ஒவ்வொருவராக. சத்தமாகச் சொன்ன கிழவன் கடைசியாக மாட்டினான், அதுவும் திரைக்குப் பின்னால்.

தாமூ மாத்தியின் துப்பாக்கியை ஷர்க்கிக்குக் கொடுத்துவிட்டாள். ஆனால் கந்தூரி நாட்களில் சாயங்காலம் அவன் அதை அவளிடம்தான் கொண்டுவர வேண்டும். அவன் கழுவுவதில் அவளுக்கு நம்பிக்கை இல்லை. இன்றைக்கும் கோபம் வந்தால் மாடிக்குப் போய் ரோமம் அடிக்கிறாள். பெரும்பாலும் ஷர்க்கிமேல்தான்.

வெளியூர் ஆட்கள் எங்கள் ஊருக்கு வந்தால் திகைத்துப்போகிறார்கள். போன வருஷம் பெண் பார்க்க வந்த ஒருவர், நுழைந்த வீட்டிலெல்லாம் துப்பாக்கி தலைகீழாகத் தொங்குவதைப் பார்த்துவிட்டு, வந்த விஷயத்தையே சொல்லாமல் என்னிடம் மெல்லக் கேட்டார்: "அண்ணே, என்ன ஆச்சு உங்க ஊருக்கு? இத்தனை வீட்டுலயா சாவு?"

"ஒரே சாவுதான். மாத்தின்னு ஒருத்தர்" என்றேன்.